கண்டதும் கருதியதும்

ஓசூரில் ஹாக்கி ஆடுவோரினும் ஹாக்கியைப் பற்றிப் பேசுவோரே மிகுதி எனலாம். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இவ்வூரில் வந்து சேர்ந்த மக்களின் கலப்பு அத்தகையது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து வேலை நிமித்தம் வந்து தங்கிய நம் சமணக் குடும்பத்துப் பிள்ளைகளும் அக்கலப்பில் உளர். கோவில்பட்டியிலிருந்து வந்தவர் தம் ஊர் ஹாக்கித் திடலைப் பற்றிப் பேசாமல் ஒரு குவளைத் தேநீரும் அருந்தார். எல்லை தாண்டி 40 கிலோமீட்டரில் பெங்களூரு. இந்திய அணியின் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் நடைபெறும் விளையாட்டு ஆணைய மையம் அங்குதான் உள்ளது. குடகு நாட்டினர் 1997 முதல் குடும்பத்துக்கு ஓர் அணியாகக் கூடி ஆடும் ஹாக்கித் திருவிழாவைக் கன்னட நண்பர்கள் பெருமையோடு எடுத்துரைப்பர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அண்மைக் காலத்தில் வந்து ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளில் பணிபுரியும் இளைஞர் பலர், நடக்கப் பழகிய நாளிலேயே ஹாக்கி மட்டையைக் கண்டவர்கள். திலீப் திர்க்கியைத் தந்த சுந்தர்கர் மாவட்டத்தார்க்கு இவ்விளையாட்டைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை.

இத்தகைய ஊரில் இந்திய ஹாக்கி லீக் போட்டியின் பருவம் நெருங்கினால் விவாதம் எழாமல் இராது. 2013 முதல் 2017 வரை நடந்த அப்போட்டியில் தமிழ்நாட்டுக்கென ஓர் அணி இருந்ததில்லை. நெடிய இடைவெளிக்குப்பின் 2024 டிசம்பரில் அது மீண்டும் தொடங்கியபோது ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்னும் அணி களம் இறங்கிற்று. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். ஆட்டங்கள் நடந்தவை ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும். தமிழ் மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடாமலே தமிழ்நாட்டு அணி நான்காம் இடத்தைப் பெற்றது. அடுத்த பருவம் 2026 ஜனவரியில் சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் தொடங்கிற்று. இவ்விரு பருவங்களிலும் கர்நாடகத்துக்கு அணி இல்லை. ஆகவே கன்னட நண்பர்கள், எவ்வணிக்கும் பொறுப்பேற்க வேண்டாத பெருமகிழ்ச்சியோடு, எல்லா அணிகளையும் குறை கூறும் உரிமை பெற்றிருந்தனர்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முந்திய வாரங்களில் பேசப்பட்டவை யாவை? ஆட்டக்காரர் ஏலத்தில் எடுக்கப்படும் முறை முதலாவது. 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் அணிக்கு 24 பேர் என்றும், அவருள் வெளிநாட்டார் எண்மர் என்றும், இளையோர் நால்வரேனும் இருத்தல் வேண்டும் என்றும் வரையறை இருந்தது. தற்காப்பாளர் அமித் ரோகிதாசை 48 இலட்சம் ரூபாய்க்குத் தமிழ்நாட்டு அணி எடுத்தது. அன்று முதல் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அத்தொகையும் உடன் சொல்லப்படலாயிற்று. ஒருவருடைய ஆட்டத்தை எடைபோடும்போது அவர் விலையையும் தராசில் ஏற்றினால் முள் நேராக நிற்பதில்லை. கூலி வாங்குகின்ற எல்லாரையும் விலைக்கு வாங்கப்பட்டவராகக் கருதும் மனம் அங்கே மெல்ல நுழைகிறது. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் போன்றோர் அணியில் இருந்தும், தமிழ்நாட்டுப் பிள்ளைகளை இன்னும் கூடுதலாக ஏன் எடுக்கவில்லை என்பது மற்றொரு கேள்வி. பயிற்சியாளர் யார், பணம் போட்டவர் யார், அவர்க்கு ஹாக்கி தெரியுமா என்பன பின்னும் சில.

விளையாட்டுப் பேச்சு முழுவதையும் வீண்பேச்சு என்று ஒதுக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. திருக்குறளில் புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் 19, 20 ஆகிய அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்பதை அவர்கள் சுட்டுவர். அவர்கள் கருத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் முழுதும் உடன்படவில்லை. பெனால்டி கார்னரின்போது பந்தை நிறுத்துபவர் எவ்வளவு தள்ளி நிறுத்தினார், பின்களத்தினர் முன்னேறிச் சென்றபோது இடைவெளியை யார் நிரப்பியிருக்க வேண்டும் என்று கூர்ந்து பேசுவது ஒருவகைக் கல்வியே. எட்டு மணிநேரம் இயந்திரத்தின்முன் நின்று திரும்பிய தொழிலாளி ஒருவர் அப்பேச்சில் தம் அறிவைத் தீட்டிக்கொள்கிறார். வேற்றுமொழி பேசும் நால்வரை ஒரு பலகையில் அமர்த்தும் ஆற்றலும் அதற்கு உண்டு.

நாம் எழுப்பும் கேள்வி வேறு. ‘அவர் பந்துக்குத் தாமதமாக வந்தார்’ என்பது ஒரு கூற்று. ‘அவர் அக்கறையின்றி ஆடினார்’ என்பது வேறொரு கூற்று. ‘அவர் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அப்படி ஆடினார்’ என்பது மூன்றாவது. முதற்கூற்று கண்ணால் கண்டது. இரண்டாவது, கண்டதன்மேல் கட்டிய ஊகம். மூன்றாவது ஒருவருடைய வாழ்வையே பறிக்கும் குற்றச்சாட்டு. தேநீர்க் கடையில் முதலாவதிலிருந்து மூன்றாவதற்குச் செல்ல ஐந்து மணித்துளி போதும். குரல் உயர்வதைத் தவிர இடையில் வேறெந்தச் சான்றும் சேர்வதில்லை. ஒருவர் செயலைக் கண்ட நமக்கு அவர் உள்ளத்தையும் கண்டதாகப் பேசும் உரிமை எங்கிருந்து வந்தது?

இதற்கு இந்திய ஹாக்கி வரலாற்றிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. 1982 டிசம்பர் முதல் நாள், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஹாக்கி இறுதியாட்டம். எதிரணி பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி அரங்கில் இருந்தார். அவ்வாண்டில்தான் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்திருந்தது. பெட்டி இருந்த வீடுகளில் தெருவே கூடியிருந்தது. முதல் கோலை அடித்தது இந்தியாதான். பிறகு நிகழ்ந்ததை அக்காலத்தவர் மறவார். பாகிஸ்தான் ஏழு கோல்களை அடித்தது. ஒன்றுக்கு ஏழு.

கோல் காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி. ஏழு முறையும் காமிராவின் முன் வீழ்ந்தவர் அவர்தாம். பாகிஸ்தானிடம் பணம் பெற்றுக்கொண்டு பந்தை உள்ளே விட்டார் என்னும் பேச்சு எழுந்தது. எங்கிருந்து எழுந்தது என்று கேட்டால் விடை இல்லை. செய்தித்தாள்களும் அதனைத் தாங்கின. துரோகி என்னும் சொல் அவரைத் தொடர்ந்தது. அவருடைய ஆட்ட வாழ்வு அத்துடன் பெரும்பாலும் முடிந்தது. அவர் பணம் பெற்றார் என்பதற்கு அன்றும் அதன் பின்னும் எவரும் ஓர் ஆதாரமும் காட்டியதில்லை.

தோல்விக்கு இயல்பான காரணம் எல்லார் கண்முன்னும் இருந்தது என்பதுதான் வியப்பு. அதே 1982-இன் தொடக்கத்தில் பம்பாயில் நடந்த உலகக் கோப்பையை வென்ற அணி பாகிஸ்தான். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும் அவ்வணியே. ஹசன் சர்தார், கலீமுல்லா, ஹனீப் கான் போன்றோர் ஒருங்கே ஆடிய காலம் அது. உலகின் முதல் அணி தன் முழு ஆற்றலோடு ஆடிய நாளில் நம்மவர் தோற்றனர். இவ்வளவு எளிய விளக்கம் பலர்க்கு ஏன் போதவில்லை? தோல்வி பெரிதாக இருந்ததால் காரணமும் கொடியதாக இருக்க வேண்டும் என்று மனம் எதிர்பார்த்தது. துன்பம் பெரிதாயின் யாரேனும் ஒருவர் தீயவராக இருந்தாக வேண்டும் என்னும் எண்ணம் மனித மனத்தில் ஆழ வேரூன்றியது. நம் அறவோர் அதனைக் கஷாயம் என்றனர். சினமும் செருக்கும் கலந்து அறிவின்மேல் படியும் கறை அது.

ஓசூர் அன்பர்கட்கு இதனைத் தொழிற்சாலையைக் கொண்டே விளக்கலாம். உற்பத்தி வரிசையின் கடைசியில் சோதனைப் பிரிவு இருக்கிறது. பழுதுள்ள உறுப்பொன்று அதனைக் கடந்து வெளியே போய்விட்டால் முதலில் எழும் குரல் சோதனையாளர்மீதுதான். ஆயினும் நல்ல மேற்பார்வையாளர் அதனோடு நிற்பதில்லை. வார்ப்பில் பிழையா, கடைசலில் பிழையா, கருவி தேய்ந்திருந்ததா என்று வரிசையைப் பின்னோக்கி நடந்து செல்கிறார். கோல் காப்பாளர் என்பவர் வரிசையின் கடைசியில் நிற்கும் சோதனையாளர். பந்து அவரை அடையுமுன் பதின்மரைக் கடந்து வந்திருக்கிறது. அப்பதின்மரின் பிழை பரந்த திடலில் கரைந்துவிடுகிறது. கடைசியாக நின்றவரின் பிழை மட்டும் பலகையில் எண்ணாக எழுதப்படுகிறது.

இன்னொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. ஓசூர் ஆலைகளில் ஒரு தொழிலாளிமீது குற்றம் சாட்ட வேண்டுமானால் முதலில் சார்ஜ் மெமோ தர வேண்டும். அவர் எழுத்தில் விளக்கம் தருவார். உள்விசாரணை நடக்கும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு. இம்முறை எளிதில் கிடைத்ததன்று. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் போராடிப் பெற்றது. விசாரணையின்றி ஒருவரை வேலைநீக்கம் செய்தால் ஆலைவாயிலில் மறுநாளே கூட்டம் கூடும். அவ்வாறு கூடக்கூடியவர்களே, ஷிப்டு முடிந்து தேநீர்க் கடைக்கு வந்தபின், தாம் பார்த்திராத ஒருவரை மெமோவும் இன்றி, விளக்கமும் இன்றி, ஒரு வாக்கியத்தில் தண்டித்துவிடுவதை என்னென்பது? தமக்கு வேண்டும் என்று கேட்ட நீதி பிறர்க்கும் வேண்டும் என்பது தோன்றாமல் போவதற்குக் காரணம் தீய உள்ளமன்று என்றே நாம் எண்ணுகிறோம். பேச்சு ஒரு செயல் என்னும் நினைவு அங்கே இல்லை. அவ்வளவே.

நேகியின் கதை 1982-இல் முடியவில்லை. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியின் கோல் காப்பாளர்க்குப் பயிற்சி தரும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. 32 ஆண்டுகட்குப்பின் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது அப்போதுதான். தென்கொரியாவுடனான இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டி அடிகளால் தீர்மானிக்கப்பட்டது. அன்று பந்துகளைத் தடுத்து வெற்றி தேடித் தந்த ஆஷிஷ் பல்லால், நம் எல்லைக்கு அப்பால் உள்ள கர்நாடகத்தவர். 2007-இல் வெளிவந்த ‘சக் தே இந்தியா’ என்னும் இந்திப் படத்தின் கதையில் நேகியின் வாழ்வின் சாயலைப் பலர் கண்டனர். அதில் நடித்த பெண்களுக்கு ஹாக்கி பயிற்றுவித்தவரும் அவரே. படத்தில் பொய்ப்பழி சுமந்த நாயகனுக்காக அரங்கில் கண்ணீர் விட்டோருள், 25 ஆண்டுகட்கு முன் அதே பழியைத் தம் தெருவில் பரப்பியோர் எத்தனை பேரோ? பழி சொன்ன வாய்களுக்கு முகவரி இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்றே தெரியாத குற்றம் இது.

நம் ஆகமங்கள் அறிவை ஐவகையாகப் பகுக்கின்றன: மதி, சுருதம், அவதி, மனப்பர்யயம், கேவலம். பிறர் மனத்தில் எழும் எண்ணத்தை நேரே அறியும் மனப்பர்யய ஞானம் அடக்கத்தில் உயர்ந்த முனிவர்க்கே எய்தும் என்பது கோட்பாடு. இல்லறத்தார்க்கு அது இல்லை. ஆனால் பருவம் தொடங்குமுன் ஓசூர்ப் பேருந்து நிலையப் பக்கம் சென்றால் அந்த ஞானம் கைவரப்பெற்றோர் பலரைக் காணலாம். எந்த ஆட்டக்காரர் எந்த எண்ணத்தோடு எந்த அணிக்குச் சென்றார், எந்தப் பயிற்சியாளர் எவர்மீது பொறாமை கொண்டார் என்பதை எல்லாம் அவர்கள் நேரில் கண்டதுபோல் உரைப்பர். சிரித்துக்கொண்டே இதனைச் சொல்கிறோம்; ஆயினும் இதிலுள்ள சிக்கல் சிரிப்புக்குரியதன்று. சமண அறம் எண்ணத்துக்கே தலைமை தருகிறது. கவனமின்றிச் செய்ததும், கருதிச் செய்ததும், முயன்று காத்தும் நேர்ந்துவிட்டதும் வினையால் வேறுவேறு. அப்படியிருக்க, ஒரு செயலை எடைபோட மிகவும் வேண்டப்படும் அந்த எண்ணம்தான் பிறர் கண்ணுக்கு முற்றிலும் மறைந்திருக்கிறது. ஆகவே பிறரைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு எப்போதும் அரைத்தீர்ப்பாகவே இருக்கும்.

அமித் ரோகிதாசின் பெயரை முன்னரே குறித்தோம். 2024 ஆகஸ்டு 4-ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ஆடும்போது, 17-ஆவது நிமிடத்தில் அவருடைய மட்டை எதிரணி ஆட்டக்காரரின் முகத்தில் பட்டது. காணொளி நடுவரின் ஆய்வுக்குப்பின் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. எஞ்சிய 40 நிமிடத்துக்கும் மேலாக இந்தியா பதின்மரோடு ஆடியது. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என முடிந்து, பெனால்டி முறையில் 4-2 என வென்றது. கோல் காப்பாளர் ஸ்ரீஜேஷின் ஆட்டத்தை அன்று நாடே கொண்டாடிற்று. ரோகிதாஸ் ஓர் ஆட்டத் தடை பெற்றதால் அரையிறுதியில் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவர் திரும்பினார்; ஸ்பெயினை 2-1 என வென்றோம்.

அந்தச் சிவப்பு அட்டையைப் பற்றிய விவாதம் முழுவதும் எண்ணத்தைப் பற்றியதே. பந்தோடு ஓடும்போது மட்டை தானே உயர்ந்ததா, அவர் உயர்த்தினாரா? நடுவர்கள் கருதிச் செய்ததாகக் கொண்டனர். இந்திய இரசிகர் ஏறத்தாழ ஒரே குரலில் மறுத்தனர். ‘ஒருவன் மனத்தில் இருந்ததை எப்படி ஐயா திரையைப் பார்த்துச் சொல்வீர்?’ என்று ஓசூரிலும் கேட்டனர். மிகச் சரியான கேள்வி. சுந்தர்கரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் மாவட்டத்து ஆட்டக்காரர்க்காக அன்று வாதிட்ட முறை வழக்கறிஞர்க்கும் வாராது. ஆயின் அதே இளைஞர், வேறொரு அணியின் நடுக்கள ஆட்டக்காரர் முந்திய பருவத்தில் ‘வேண்டுமென்றே’ பந்தைத் தவறவிட்டார் என்று சில திங்கள் கழித்துச் சொன்னபோது, கோவில்பட்டி நண்பர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. புன்னகையின் பொருள் விளங்கியதோ என்னவோ, பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. நம்மவர்க்கு ஓர் அளவுகோல், அயலார்க்கு ஓர் அளவுகோல் என்பதே எல்லையூரின் பெரிய சோதனை. ஓசூரில் ‘நம்மவர்’ யார் என்பது பேசுகின்ற ஆளுக்கு ஆள் மாறுவதால் அச்சோதனை இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. ஒரே மொழியினர் கூடும் ஊர்களில் அது தெரியாமலே போய்விடும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். சந்தேகங்கள் சிலவேளை மெய்யாகவில்லையா? ஆயின. 2000 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித்தலைவர் ஹான்சி குரோன்யே சூதாட்டத் தரகர்களிடம் பணம் பெற்ற செய்தி வெளிவந்தபோது உலகம் முதலில் நம்பவில்லை. டெல்லிக் காவல்துறை தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்திருந்தது. பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். நம் ஹாக்கியிலும் உண்டு. 2008 மார்ச்சில் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 எனத் தோற்று, 1928 முதல் தான் பங்கேற்று வந்த ஒலிம்பிக் ஹாக்கிக்கு இந்தியா முதன்முறையாகத் தகுதி இழந்தது. அடுத்த திங்களில், ஆட்டக்காரர் தேர்வு தொடர்பாக இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் செயலாளர் பணம் பெறுவதாக ஒரு தொலைக்காட்சி மறைகாமிராக் காட்சியை வெளியிட்டது. அவர் பதவி விலகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் அக்கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்தது. நிர்வாகத்தின்மேல் நெடுநாளாக ஐயம் கொண்டிருந்தோர் ‘சொன்னோமே’ என்றனர்.

ஆனால் இவ்விரண்டிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது யார் என்பதைக் காண்க. உரையாடலைப் பதிவு செய்தோர் கொணர்ந்தனர். பெயரோடு முன்வந்து ஒளிபரப்பியோர் கொணர்ந்தனர். பொய்யாயின் வழக்கைச் சந்திக்க வேண்டியவர்கள் அவர்கள். தேநீர்க் கடைச் சந்தேகம் 1982-இல் நேகியைப் பற்றியும் இருந்தது, பிறகு வேறு பலரைப் பற்றியும் இருந்தது. எல்லாரைப் பற்றியும் எப்போதும் இருப்பதால் சிலவேளை மெய்யோடு பொருந்தியது. நின்றுபோன கடிகாரமும் நாளுக்கு இருமுறை சரியான நேரம் காட்டும். அதைக்கொண்டு ஷிப்டுக்குப் போக முடியாது.

ஆட்டக்காரரையும் நிர்வாகத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் முறையன்று என்பது நம் கருத்து. ஆட்டக்காரர் எல்லார் கண்முன்னும் ஆடுகிறார். அவர் பிழை ஒளிவதற்கு இடமில்லை. நிர்வாகத்தாரோ மூடிய அறையில் முடிவு செய்து பட்டியலை மட்டும் வெளியே அனுப்புகின்றனர். 1998 பாங்காக் வெற்றிக்குப்பின் நிகழ்ந்ததை நினைவுகூர்க. தங்கத்தோடு திரும்பிய அணியின் தலைவர் தனராஜ் பிள்ளையும் மூத்த ஆட்டக்காரர் சிலரும் அடுத்த தொடருக்கான அணியில் இல்லை. பல்லாலும் அவருள் ஒருவர். ஓய்வு தரப்பட்டது என்றது கூட்டமைப்பு. ஆட்டப்படி குறைவு என்று அவர்கள் வாய்திறந்ததற்கான தண்டனை இது என்றே நாடெங்கும் பேசப்பட்டது. கட்கியில் பிறந்து வளர்ந்தாலும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை என்பதால் தனராஜுக்காகத் தமிழ்நாட்டில் குரல் சற்று உயர்ந்தே ஒலித்தது.

அந்த வேளையில் இரசிகர் கேட்டது தவறா? இல்லை. ‘வென்ற அணியை ஏன் கலைத்தீர்?’ என்று கேட்பது பழி சுமத்தலாகாது. பொதுவில் பொறுப்பேற்றவரிடம் காரணம் கேட்பது இல்லறத்தானின் உரிமை. ஒருவகையில் கடமையும் ஆகும். வாய்மூடி இருப்பதையே அகிம்சை எனச் சிலர் கருதுவர். இழைக்கப்பட்ட அநீதிக்குமுன் காக்கும் மௌனம், இழைத்தவர்க்குத் துணைபோவதில் முடியும். நிர்வாகம் உரிய காரணத்தை உரிய காலத்தில் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமே இருந்திராது. புறங்கூறுதலின் வினையில் ஒரு பங்கு, காரணத்தை மறைத்து அதற்கு இடங்கொடுத்தவர்க்கும் உண்டு என்றே சொல்வோம். கேள்விக்கும் பழிக்கும் உள்ள வேறுபாடு குரலின் அளவில் இல்லை; கேள்வி மறுமொழிக்காகக் காத்திருக்கும், பழி காத்திராது.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் ஒருவர். 2006 உலகக் கோப்பையில் 12 அணிகளுள் 11-ஆம் இடம் பெற்ற அணியின் பயிற்சியாளர் ஒருவர். இருவரும் ஒருவரே, சென்னை வாசுதேவன் பாஸ்கரன். முதலாவதை மட்டும் அறிந்தவர் அவரை வானளாவப் புகழ்வார். இரண்டாவதை மட்டும் கண்டவர் இகழ்வார். அநேகாந்தம் கற்ற நமக்கு இஃது எளிய பாடம். ஆனால் ஏலத் தொகையோடும் நேற்றைய ஆட்டத்தோடும் மட்டும் ஒருவரை அறிந்த இளைஞர்க்கு, அவர்க்கு முந்திய பருவங்களும் உண்டு என்று யாரேனும் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். முதியோர்க்கு இங்கே வேலை இருக்கிறது.

கேட்பவர் நிலை என்ன? ‘நான் ஒன்றும் சொல்லவில்லை, பேசியவர் அவர்’ என்று விலகிக்கொள்ள நம் அறம் இடந்தருவதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றையும் அது ஒருங்கே எண்ணுகிறது. ஒருவர்மேல் சான்றில்லாத பழி கூறப்படும்போது சுவைத்துத் தலையசைப்பது உடன்படலாகும். 1982-இல் அப்பழியைப் புனைந்தவர் ஒருசிலராகவே இருந்திருப்பர். அதனை நாடு முழுவதும் சுமந்து சென்றவை தலையசைப்புகளே. ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்னும் ஒரு சிறு வினா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்திருந்தால் அது எத்தனை தெருக்களோடு நின்றிருக்கும்! அவ்வினாவை எழுப்புவது எளிதன்று என்பதும் மெய்யே. கேட்டவரை ‘நீர் அந்தப் பக்கமா?’ என்பர். சுவை கெடும். அடுத்த மாலை அவர்க்குப் பலகையில் இடம் இராமலும் போகலாம். ஆலையில் ஒன்றாக உழைத்து, அயலூரில் ஒன்றாக வாழ்வோர்க்கு அந்த இடம் சிறிதன்று.

ஓசூர் நண்பர் சிலர், அடுத்த பருவத்துக்கு முன் அணி நிர்வாகத்துக்குக் கடிதம் ஒன்று எழுத எண்ணி, அதன் வரைவை நம்மிடம் காட்டினர். தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் களத்தில் இருந்த நேரம் எவ்வளவு, இளையோரைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது, கோவில்பட்டி போன்ற ஊர்களில் பயில்வோரை நேரில் பார்க்க எவரேனும் அனுப்பப்பட்டனரா என மூன்று வினாக்கள் அதில் உள்ளன. நான்காவதாக, ‘சிலரின் செல்வாக்கால் இடம் பெற்றவர்களை நீக்குக’ என்றொரு வரி. அவ்வரிக்குச் சான்று உண்டா என்று வினவினோம். ஒருவர் உண்டு என்றார். கேள்விப்பட்டது என்றார் மற்றவர். ஒடிசா இளைஞர் அவ்வரியை அடித்துவிடலாம் என்றார். கோவில்பட்டி நண்பர்க்கு அதில் உடன்பாடில்லை. வினா வடிவில் மாற்றி எழுதலாம் என்கிறார். இதனை எழுதும் நாள்வரை கடிதம் அனுப்பப்படவில்லை.